மாநில உற்பத்தியும் வட்டாரப் பங்கும்: அஸ்ஸாமைக் கொண்டு ஒரு பாடம்

அருணாசலப் பிரதேசம், அஸ்ஸாம், மணிப்பூர், மேகாலயா, மிஜோரம், நாகாலாந்து, சிக்கிம், திரிபுரா ஆகிய எட்டு மாநிலங்களும் சேர்ந்து வடகிழக்கு வட்டாரம் எனப்படும். இவ்வட்டாரப் பொருளாதாரத்தில் அஸ்ஸாமின் பங்கு எவ்வளவு? இதனைக் கணக்கிட, எதனைச் சேர்ப்பது, எதனை விலக்குவது என்ற விதிகளை முதலில் அறிதல் வேண்டும். சுதந்திர இந்தியாவில் இத்தகைய கணக்குகளுக்கு அடிப்படை வகுத்தது, 1949இல் பி. சி. மகலநோபிஸ் தலைமையில் அமைந்த தேசீய வருமானக் குழுவாகும்.

கூட்டிய மதிப்பு

ஒரு தேயிலைத் தொழிற்சாலை 100 ரூபாய்க்குத் தேயிலை விற்பதாகக் கொள்வோம். சிறு விவசாயிகளிடம் வாங்கிய பச்சைக் கொழுந்துக்கு 60 ரூபாயும், எரிபொருள் முதலியவற்றிற்கு 15 ரூபாயும் செலவாயின. தொழிற்சாலை கூட்டிய மதிப்பு 25 ரூபாயே. கொழுந்தின் மதிப்பு வேளாண்மைக் கணக்கில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளது. 100ஐயும் 60ஐயும் கூட்டினால் ஒரே பொருள் இருமுறை எண்ணப்படும்.

குடியானவர் தம் வீட்டில் உண்ணும் நெல்லும் உற்பத்தியில் சேரும். வீட்டில் ஊதியமின்றிச் செய்யும் சமையல் சேராது.

எல்லை

மாநிலத்தின் எல்லைக்குள் நிகழும் உற்பத்தியே அம்மாநிலத்தினுடையது. தேயிலைக் கம்பெனியின் தலைமை அலுவலகம் கொல்கத்தாவில் இருப்பினும், தோட்டத்தில் விளையும் மதிப்பு அஸ்ஸாமைச் சாரும். அஸ்ஸாமில் எடுத்த கச்சா எண்ணெய் குழாய்வழியே பீகாரிலுள்ள பரௌனிக்குச் சென்றபோது, எண்ணெய் எடுத்த மதிப்பு அஸ்ஸாமிலும், சுத்திகரித்த மதிப்பு பீகாரிலும் சேர்ந்தன. இதே விதிப்படி, வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் கேரளத்திற்கு அனுப்பும் பணம் அக்குடும்பங்களின் வருவாயாயினும், கேரளத்தின் உற்பத்தி ஆகாது.

சில பணிகள் மாநில எல்லைகளைக் கடந்தவை. வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயின் தலைமையகம் குவாஹாட்டியை அடுத்த மாலிகாவில் உள்ளது. அதன் பாதைகளோ மேற்கு வங்காளம், பீகார் வரை செல்கின்றன. ஆதலின் ரயில்வே, தபால், வங்கி போன்றவற்றின் மதிப்பைத் தலைமையகம் உள்ள இடத்திற்கே அளித்துவிடாமல், தக்க அளவுகோல்களைக் கொண்டு மாநிலங்களுக்குள் பகிர்கின்றனர்.

பங்கைக் காணுதல்

வட்டாரத்தின் உற்பத்தி 500 கோடி ரூபாய் எனவும், அதில் ஒரு மாநிலத்தின் உற்பத்தி 300 கோடி எனவும் பாடத்திற்காகக் கொள்வோம். பங்கு 60 சதவீதம். இது பெரிதா, சிறிதா என்பது மக்கட்தொகையோடு ஒப்பிட்டாலன்றி விளங்காது. 2011 கணக்கெடுப்பின்படி வட்டார மக்களில் ஏறத்தாழ 68 சதவீதத்தினர் அஸ்ஸாமில் வாழ்ந்தனர். 60ஐ 68ஆல் வகுத்தால் 0.88 கிடைக்கும். அதாவது, அம்மாநிலத்தின் தலைக்குரிய உற்பத்தி வட்டாரச் சராசரியைவிடச் சுமார் 12 சதவீதம் குறைவு. பல ஆண்டுகளை ஒப்பிடும்போது, விலையேற்றத்தை வளர்ச்சியெனக் கொள்ளாதிருக்க, ஒரே அடிப்படை ஆண்டின் விலைகளையே பயன்படுத்துதல் வேண்டும்.

களப்பணியின் பொறுப்பு

நெல்லின் உற்பத்தி, சாகுபடிப் பரப்பையும் பயிர் அறுவடைச் சோதனையில் கண்ட சராசரி விளைச்சலையும் பெருக்கிப் பெறப்படுகின்றது. சோதனைக்குரிய வயலையும் அதனுள் அறுக்க வேண்டிய துண்டையும் சமவாய்ப்பு எண்களே தீர்மானிக்க வேண்டும். வரப்போரம் செல்வது எளிதென்றோ, கதிர் செழித்துள்ளதென்றோ ஊழியர் இடத்தை மாற்றினால் சராசரி பிழைபடும்.

இப்பிழை ஏட்டோடு நிற்பதன்று. 2021–26 ஆண்டுகளுக்கு மத்திய வரிகளை மாநிலங்களுக்குள் பகிர்ந்த 15ஆம் நிதிக்குழு, தலைக்குரிய வருமான இடைவெளிக்கு 45 சதவீத முக்கியத்துவம் அளித்தது. வருமானம் குறைந்த மாநிலத்திற்குப் பங்கு கூடும். விளைச்சல் மிகையாகக் குறிக்கப்படின், ஏழை மாநிலம் செல்வமுள்ளதாகத் தோன்றி, தனக்குரிய தொகையில் ஒரு பகுதியை இழக்கக்கூடும்.

ஆசிரியர்கள், உள்ளூர் அரிசி ஆலை ஒன்றின் விற்பனையையும் செலவையும் கொண்டு, அது கூட்டிய மதிப்பை மாணவர்களே கணக்கிடச் செய்யலாம்.