உத்தரவு கையில் வந்தால்: முறையீட்டுக்கு இடமும் நாளும்



கடைக்கு ஓர் அதிகாரியின் உத்தரவு வந்துவிட்டால், "இது நியாயமா?" என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியவை நான்கு உண்டு. யாரிடம் முறையிடுவது? எத்தனை நாளுக்குள்? முறையிட்டால் உத்தரவு நிற்குமா? எந்தத் தாள்களைக் கொண்டு வாதாடுவது? இவற்றை விளக்க, அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகளை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம். அவை பெரிய கம்பெனிகளின் வழக்குகள். என்றாலும் பாடம் நம் கல்லாப்பெட்டிக்கும் பொருந்தும்.

பின்னணி

ஒரு கம்பெனியின் பங்குகளைச் சந்தை விலைக்கு மேல் விலை சொல்லி, பங்குதாரர்களிடமே நேராகக் கேட்டு மொத்தமாக வாங்கினால், நிர்வாகம் வாங்கியவர் கைக்குப் போகும். அமெரிக்காவில் இதற்கு 1968-ல் வில்லியம்ஸ் சட்டம் என்ற மத்தியச் சட்டம் வந்தது. பிறகு பல மாநிலங்களும் தனித்தனிச் சட்டம் போட்டன. மாநில அதிகாரி "பொறு" என்று உத்தரவிட்டால் விற்பனை நின்றுவிடும். பொங்கல் சரக்கு பொங்கல் கழிந்து வந்தால் என்ன பயன்? அதுபோலவே, இந்த வியாபாரத்திலும் தாமதம்தான் பெரிய நஷ்டம்.

முதல் வழக்கு: ஐடஹோவின் வெள்ளிச் சுரங்கம்

டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் தலைமையகம் கொண்டது கிரேட் வெஸ்டர்ன் யுனைடெட் கம்பெனி. 1977 மார்ச்சில் அது சன்ஷைன் மைனிங் கம்பெனியின் 20 லட்சம் பங்குகளை வாங்க முன்வந்தது. சன்ஷைனின் அலுவலகமும் சொத்தில் பெரும்பகுதியும் ஐடஹோ மாநிலத்தில் இருந்தன. அம்மாநில அதிகாரிகள் கூடுதல் விவரம் கேட்டார்கள். பிறகு விற்பனையைத் தள்ளிவைத்து உத்தரவு போட்டார்கள்.

கிரேட் வெஸ்டர்ன் தன் ஊரிலேயே, டெக்சாஸில் உள்ள மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அங்கே வெற்றி கிடைத்தது. 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 1977-லேயே பங்குகளையும் வாங்கி முடித்துவிட்டார்கள்.

ஆனால் 1979-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. ஐடஹோ சட்டம் சரியா, தவறா என்று அது சொல்லவே இல்லை. சட்டம் இயற்றப்பட்டது ஐடஹோவில், உத்தரவு பிறந்தது ஐடஹோவில், அதிகாரிகள் இருப்பதும் ஐடஹோவில். ஆகவே டெக்சாஸ் இந்த வழக்குக்கு உரிய இடம் அல்ல என்றது. இரண்டு நீதிமன்றங்களில் பெற்ற வெற்றி, இடம் தவறியதால் கரைந்துபோனது. பங்குகளை வாங்கியது மாநிலச் சட்டத்துக்கு விரோதமா என்ற கேள்வியும் தீராமல் நின்றது.

இரண்டாவது வழக்கு: இல்லினாய்

1979 ஜனவரியில் மைட் என்ற கம்பெனி, சிகாகோ ரிவெட் கம்பெனியின் பங்குகளை ஒன்று 28 டாலர் வீதம் வாங்க முன்வந்தது. இல்லினாய் மாநிலச் சட்டம் குறுக்கே நின்றது. மைட் வெளியூர்க் கம்பெனி. ஆனாலும் அது இல்லினாயிலுள்ள மத்திய நீதிமன்றத்துக்கே போய், மாநில அதிகாரியை எதிர்த்து வழக்குப் போட்டது. இடம் பற்றிய தகராறு எழவில்லை. சட்டத்தின் சரிதவறே விசாரிக்கப்பட்டது. 1982-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாநிலச் சட்டமே செல்லாது என்றது. பல மாநிலங்களில் நடக்கும் வாணிபத்துக்கு அது அளவுக்கு மீறிய தடை என்பது காரணம்.

ஆனால் அதற்கு வெகுநாள் முன்பே, 1979-லேயே, மைட் அந்தக் கம்பெனியை வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டிருந்தது. ஒருவர் பங்கை வாங்கி வழக்கில் தோற்றார். மற்றவர் வழக்கில் வென்றார், கம்பெனி கிடைக்கவில்லை. வழக்கின் கணக்கும் வியாபாரத்தின் கணக்கும் வேறுவேறு என்பதை நாம் மறக்கக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றிய 1956-ஆம் ஆண்டின் மாதிரிப் பங்குப் பத்திரச் சட்டம் மூன்று விதிகளைச் சொல்கிறது. உத்தரவு போட்ட 60 நாளுக்குள் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மனுக் கொடுத்ததாலேயே உத்தரவு நின்றுவிடாது. நீதிமன்றம் தனியாகத் தடை தர வேண்டும். அதிகாரி கண்ட உண்மைகளுக்குப் போதிய சாட்சியம் இருந்தால் நீதிமன்றம் அவற்றை மாற்றாது. ஆகவே சாட்சியத்தை முதல் விசாரணையிலேயே வைத்துவிட வேண்டும்.

நம் நாட்டில் பங்குச் சந்தைக்கு மாநில அதிகாரி இல்லை; 'செபி' என்ற அகில இந்திய வாரியம் உண்டு. அதன் உத்தரவை எதிர்ப்பவர், நகல் கிடைத்த 45 நாளுக்குள் மும்பையிலுள்ள பங்குப் பத்திர மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதற்கு மேல், சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும் 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம்.

நம் கடைக்கு வருவோம். ஜி.எஸ்.டி. அதிகாரியின் உத்தரவு மீது முதல் மேல்முறையீட்டுக்கு 3 மாத அவகாசம். தக்க காரணம் காட்டினால் மேலும் 1 மாதம் மட்டும் கூடும். ஒப்புக்கொண்ட தொகையை முழுதாகவும், வரித் தகராறானால் தகராறான வரியில் 10 சதவீதத்தையும் முன்கூட்டிக் கட்ட வேண்டும். கட்டினால் மீதியை வசூலிப்பது நிற்கும்.

எனவே அன்பர்களே, உத்தரவு வந்த அன்றே அது கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். முறையீடு யாரிடம், எத்தனை நாளுக்குள் என்பதைக் கணக்கரிடம் அன்றைக்கே கேளுங்கள். நோட்டீசுக்குப் பதில் சொல்லும்போதே கொள்முதல் பில், பேரேடு, சரக்குக் கணக்கு எல்லாவற்றின் நகலையும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் வாங்குங்கள். நியாயம் நம் பக்கம் இருக்கலாம். அதை உரிய இடத்தில், உரிய நாளுக்குள் சொன்னால்தான் காதில் விழும்.