கைரோபிராக்டர் மருத்துவருக்கு நிகரானவரா? – கல்வி வழி ஓர் ஒப்பீடு

லாரி ஓட்டுநரான என் தந்தைக்கு இடுப்பு வலி பல ஆண்டுத் தோழன். நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒரு கைரோபிராக்டிக் நிலையத்திற்குச் சென்றார். நான்கைந்து முறை சென்று வந்ததும் வலி வெகுவாகக் குறைந்தது. எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், அடுத்த மாதம் அரசாங்கக் கிளினிக்கில் நீரிழிவுப் பரிசோதனை இருப்பதை நினைவூட்டியபோது, "அதான் டாக்டரைப் பார்த்துக்கிட்டு இருக்கேனே, அது போதும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பதில்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தோற்றம்

கைரோபிராக்டிக் என்பது 'கையால் செய்வது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பால்மர் என்பவர் இம்முறையைத் தொடங்கினார். முதுகெலும்பின் பிசகே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. இக்கொள்கையை மருத்துவ அறிவியல் ஏற்கவில்லை. இன்று அத்துறையினர் பலரும் முதுகு, கழுத்து, மூட்டு வலிகளோடு தங்கள் பணியை நிறுத்திக்கொள்கின்றனர்.

படிப்பு மணி நேரம்

கைரோபிராக்டர் என்றால் சில வாரப் பயிற்சி பெற்றவர் என்று எண்ணுவது தவறு. உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, முழுமையான பயிற்சி என்பது நான்கு ஆண்டுகளில் குறைந்தது 4,200 மணி நேரக் கல்வியாகும். அதில் 1,000 மணி நேரமாவது மேற்பார்வையின்கீழ் நோயாளிகளைக் கவனிக்க வேண்டும். உடற்கூறியல், உடலியங்கியல், நோயியல், எக்ஸ்ரே படங்களைப் படித்தறிதல் ஆகியவையும் பாடங்களே. கோலாலம்பூரில் ஐ.எம்.யு. பல்கலைக்கழகம் இதனை நான்காண்டு இளங்கலைப் பட்டப்படிப்பாக வழங்குகிறது.

இந்தக் கணக்கை மட்டும் காட்டி, "நாங்களும் மருத்துவர்களுக்கு இணையாகப் படித்தவர்களே" என்று வாதிடுவோர் உண்டு. வகுப்பறையைப் பொறுத்தவரை அதில் ஓரளவு உண்மையும் உண்டு.

வேறுபாடு எங்கே?

மணி நேரம் ஒத்திருக்கலாம். அந்நேரத்தில் கண்ட நோயாளிகள் ஒத்திருப்பதில்லை. கைரோபிராக்டிக் மாணவர் பெரும்பாலும் நடந்து வரும் வலி நோயாளிகளையே பார்க்கிறார். மருத்துவ மாணவரோ மருத்துவமனை வார்டுகளில் மாரடைப்பு, பிரசவம், குழந்தைக் காய்ச்சல், விபத்து என அனைத்தையும் காண்கிறார். மருந்தியலும் அறுவை மருத்துவமும் அவருக்கு அடிப்படைப் பாடங்கள்.

பட்டம் பெற்ற பின்னரே பெரிய இடைவெளி தோன்றுகிறது. மலேசியாவில் ஐந்தாண்டு மருத்துவப் படிப்பை முடித்தவர், அதன்பின் பயிற்சி மருத்துவராகப் பல பிரிவுகளில் பணியாற்றினால்தான் முழுப் பதிவு பெற முடியும். எலும்பு நிபுணராக வேண்டுமானால் அதற்குமேல் இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். கைரோபிராக்டருக்கு இத்தகைய கட்டாய மருத்துவமனைப் பயிற்சி இல்லை.

சட்டமும் இவ்விருவரையும் பிரித்தே வைத்திருக்கிறது. மருத்துவர்கள் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் வருகின்றனர். கைரோபிராக்டிக், 2016ஆம் ஆண்டு பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின்கீழ் வருகிறது.

இதன் பயன் என்ன?

இதனால் கைரோபிராக்டிக் பயனற்றது என்றாகிவிடாது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, சாதாரண இடுப்பு வலிக்கு மாத்திரைக்கு முன் முயலத்தக்க வழிகளுள் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்தலையும் சேர்த்துள்ளது. ஆயினும், அதற்கான சான்றுகள் வலுவானவை அல்ல என்பதையும் அது மறைக்கவில்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. எல்லா இடுப்பு வலியும் தசைப்பிடிப்பன்று. புற்றுநோய் பரவுவதாலும் கிருமித் தொற்றாலும்கூட முதுகு வலிக்கும். வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவை உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள். கழுத்தை வேகமாகத் திருப்பும்போது இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் ஏற்பட்ட நிகழ்வுகளும், அரிதாகவே என்றாலும், பதிவாகியுள்ளன. நல்ல கைரோபிராக்டர் இவற்றை அறிந்து, தம் எல்லை உணர்ந்து மருத்துவரிடம் அனுப்பி வைப்பார்.

சொல்லும் பொருளும்

'டாக்டர்' என்ற ஒரு சொல்லே இக்குழப்பத்திற்கு வித்து. அமெரிக்காவில் கைரோபிராக்டர் பெறும் பட்டத்திலேயே அச்சொல் உண்டு. நம் விரிவுரையாளர்களும் டாக்டர்களே. ஆனால் காய்ச்சலுக்கு மருந்து கேட்டு நாம் அவர்களிடம் போவதில்லை. தமிழோ முனைவர் வேறு, மருத்துவர் வேறு என்று அழகாகப் பிரித்துக் காட்டுகிறது. அந்தத் தெளிவு நம் வீடுகளுக்கும் வேண்டும்.

நான் தந்தையிடம் வாதாடவில்லை. "அப்பா, அவர் உங்க முதுகைப் பார்க்கிறார், இரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை யார் பார்ப்பது?" என்று மட்டும் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், மறுவாரம் கிளினிக் அட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இன்று இரண்டு இடங்களுக்கும் போகிறார். எதற்கு எங்கே போவது என்று அறிந்தே போகிறார்.

பட்டம் பெறப்போகும் நாம், ஒருவரின் பெயருக்கு முன்னால் உள்ள எழுத்துகளை மட்டும் பார்க்காமல், அவர் எதில் பயிற்சி பெற்றவர் என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் அதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்வோம்.