கோழியைப் பார்க்க இரண்டு நேரம்

முருகப் பெருமானின் கொடியில் சேவல் இருப்பது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனா உயிருள்ள ஒரு கோழிக்கு உடம்பு சரியில்லைன்னா என்ன செய்யணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? ஜீவகாருண்யம் இரக்கப்படுவதோடு முடிவதில்லை. எங்கே நோவு என்று கண்டுபிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அதுவே இம்மாதப் பாடம்.

குவீன்ஸ்டவுனில் என்னைப்போல் வீவக வீட்டில் இருப்பவர்கள் கோழி வளர்க்க முடியாது. தரைவீட்டில் இருப்பவர்கள் 10 வரை கூண்டில் வளர்க்கலாம். நம்மில் பலருக்கு ஊரில் பாட்டி வீட்டுக் கொல்லையிலும் கோழி உண்டு. நான் கற்றதும் தஞ்சாவூர்ப் பக்கம் என் அப்பாயியிடம்தான். "ராத்திரி ஒரு தடவை, விடியக்காலம் ஒரு தடவை பாரு தம்பி, போதும்" என்பார். அதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

ராத்திரி: செள்ளு

சிவப்புச் செள்ளு ஒரு மில்லிமீட்டர் அளவுதான். பகலில் கூண்டு இடுக்கிலும், கோழி அடையும் கம்புக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். இருட்டியதும் ஏறி இரத்தம் குடிக்கும். அதனால் பகலில் கோழியைத் தூக்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. கொண்டை வெளுக்கும், முட்டை குறையும், கூண்டுக்குள் போக மறுக்கும். இரவில் கம்பின் அடியை வெள்ளைத் துணியால் துடையுங்கள். சிவப்புக் கறை பட்டால் செள்ளுதான்.

கோழிக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. செள்ளின் வீடு கூண்டு. கூளத்தை அள்ளிவிட்டு, கழுவி, வெயிலில் காயவைத்து, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். வெப்பமான ஊரில் ஏழு முதல் பத்து நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும். ஆகவே ஒரு வாரத்தில் மறுபடியும் செய்யணும். இரையில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், காலியாகக் கிடந்த பழைய கூண்டையும் நம்பாதீர்கள்.

கால் செதில் தூக்கித் தடித்திருந்தால் அது வேறு வகைச் செள்ளு. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, துடைத்து, வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ கெட்டியாகத் தடவுங்கள். சில வாரம் தொடரணும். செதிலைப் பிய்க்கக் கூடாது. மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும்.

விடியக்காலம்: தீனிப்பை

கழுத்துக்குக் கீழே, மார்பின் மேல்புறம் இருக்கிறது தீனிப்பை. சாயங்காலம் அது உப்பியிருப்பது இயல்பு. விடியும்போது, தீனி வைக்கும் முன், காலியாக இருக்கணும். இல்லையென்றால் கையால் தொட்டுப் பாருங்கள்.

கெட்டியாக இருந்தால் நீளப் புல், நூல் போன்றவை அடைத்திருக்கும். தீனியை நிறுத்தி, தண்ணீர் வைத்து, மெதுவாக நீவிவிடலாம். ஒரு நாளில் இறங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

தண்ணீர்ப் பைபோல் தளதளத்து, வாயில் புளித்த வாடை அடித்தால் உள்ளே ஈஸ்ட் பூஞ்சை பெருகியிருக்கலாம். அதற்கு மருத்துவர் தரும் மருந்து வேண்டும். தலைகீழாகப் பிடித்துப் பிழிய வேண்டாம். நீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் கோழி செத்துப்போகும்.

எந்த மருந்து கொடுத்தாலும், முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் தெருவில்

2017ல் சின் மிங் வட்டாரத்தில் சுற்றித் திரிந்த 24 கோழிகள், சத்தம் பற்றிய புகார்களுக்குப் பிறகு கொல்லப்பட்டன. பலர் வருந்தினார்கள். மிச்சச் சோற்றைப் போட்டுத் தெருக்கோழிகளைப் பெருக்குவதும் கருணையாகாது. அவற்றுக்குத் தீனி போடுவது சட்டப்படியும் குற்றம். நோயுற்ற கோழியைக் கண்டால் வெறுங்கையால் தொடாமல் தேசியப் பூங்காக் கழகத்துக்குச் சொல்லுங்கள்.

கலந்து பேச:

1. அறிவில்லாத இரக்கம் எப்போது துன்பமாக மாறுகிறது?
2. நோயாளியை விட்டுவிட்டு அவர் இருக்கும் இடத்தைச் சரிசெய்ய வேண்டிய நிலை மனிதர் வாழ்விலும் உண்டா?
3. இந்த வாரம் ஊருக்குப் போன் செய்து, பாட்டியின் கோழி வைத்தியம் ஒன்றைக் கேட்டு எழுதி வாருங்கள். அது ஏன் பலிக்கிறது அல்லது பலிக்கவில்லை என்று வகுப்பில் ஆராய்வோம்.