முறைக்காய்ச்சல் கண்ட கணினி

கோளாறுகளுள் கொடியது எப்பொழுதும் தோன்றி நிற்பதன்று. இடையிடையே தோன்றி மறைவதே. மருத்துவர் வாசலில் கால்வைத்த அளவில் தணிந்துவிடும் முறைக்காய்ச்சல் போன்றது அது. கணினியின் பணிசெயல் முறைமைக்கும் இந்நோய் உண்டு. அதனைக் கண்டறிந்த வரலாறு ஒன்றை, இம்மலரைப் படிக்கும் மாணவர் பொருட்டு ஈண்டு எடுத்துரைப்போம்.

அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஏவிய பாத்பைண்டர் கலம் 1997 யூலை 4ஆந் திகதி செவ்வாய்த் தரையில் இறங்கியது. உலகம் அதன் படங்களைக் கண்டு களித்திருந்த நாட்களிலேயே, கலத்தின் கணினி தானே நின்று, தொடக்கத்திலிருந்து மீண்டும் இயங்கலாயிற்று. ஒருமுறையன்று, பன்முறை. சேர்த்துவைத்த தரவுகள் அழியவில்லை. ஆயினும் அன்றைக்கென விதித்த எஞ்சிய வேலைகள் மறுநாளுக்குத் தள்ளிப்போயின. கலமோ ஏறத்தாழ 19 கோடி கிலோமீற்றருக்கு அப்பால். ஒரு கட்டளை சென்று சேரவே 10 நிமிடத்துக்கு மேலாகும். ஆங்குச் சென்று பெட்டியைத் திறந்து பார்ப்பார் யார்?

பணிசெயல் முறைமையின் நடுவில் இருப்பது கரு எனப்படும். பல பணிகளுள் எது முதலில் ஓடவேண்டும் என்று தீர்ப்பது அதன் தொழில். முன்னுரிமை உயர்ந்த பணி வந்தால் தாழ்ந்தது ஒதுங்கும். ஆயின், பொதுப்பொருள் ஒன்றைக் காக்கும் பூட்டைத் தாழ்ந்த பணி கைக்கொண்டிருக்குமாயின், அதனை விடும்வரை உயர்ந்த பணியும் காத்திருத்தல் வேண்டும். சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது.

ஒரு கல்லூரியை எண்ணிக்கொள்வோம். அங்குள்ள ஒரேயோர் இடாப்பைக் கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் மேசைமேல் வைத்து எழுதுகின்றான். அதிபருக்கு அவ்விடாப்பு வேண்டும். சிறுவன் எழுதி முடிக்கும்வரை பொறுத்திருத்தல் முறை. அது சிறிது நேரமே. அதற்குள் மாணவத் தலைவர் சிலர் வந்து, சிறுவனை விலக்கி, மேசையைத் தம் வேலைக்குப் பிடித்துக்கொள்கின்றனர். இடாப்பு சிறுவன் கையில். எழுத அவனுக்கு இடமில்லை. அதிபர் வாசலில் நிற்கின்றார். தாம் அதிபரையே தடுத்து நிற்பதை மாணவத் தலைவர் அறியார். எவரும் விதியை மீறவுமில்லை!

பாத்பைண்டரில் நிகழ்ந்ததும் இதுவே. வானிலைத் தரவு சேர்க்கும் தாழ்ந்த பணி பூட்டொன்றை வைத்திருந்தது. தரவுகளைப் பகிர்ந்தளிக்கும் உயர்ந்த பணி அதற்காகக் காத்துநின்றது. இடைத்தரப் பணிகள் இடைவிடாது ஓடின. ஒரு செக்கனுக்கு 8 முறை சுழலும் வட்டத்தில், பகிர்ந்தளிக்கும் பணி முடிந்ததா என்று பிறிதொரு பணி சோதிக்கும். முடியாவிடின் பெரும்பிழை எனக் கொண்டு கணினியை மீளத் தொடக்கும். இவையனைத்தும் ஒரே கணத்தில் பொருந்தினாலன்றிக் கோளாறு தோன்றாது. பூமியில் நடந்த சோதனைகளிலும் அது தலைகாட்டியதுண்டு, தேடியபோது அகப்படவில்லை. செவ்வாயிலோ எதிர்பார்த்ததினும் விரைவாகத் தரவு அனுப்ப முடிந்தமையால் வேலைப்பளு மிகுந்தது. நற்பேறும் சோதனைக்குரியது போலும்.

பொறியியலாளர் ஊகத்தால் திருத்த முற்பட்டாரல்லர். எப்பணி எப்போது ஓடிற்று, எப்பூட்டை எது பற்றிற்று என்பவற்றைக் குறித்துவைக்கும் பதிவு வசதியொன்றை அவர் மென்பொருளிலேயே முன்னர் அமைத்திருந்தனர். ஆய்வுகூடத்திலிருந்த ஒத்த கணினியில் அப்பதிவை இயக்கி, செவ்வாயில் நிகழ்ந்த சூழலையே உண்டாக்கி ஓடவிட்டனர். 18 மணி நேரத்துக்குள் கோளாறு தோன்றியது. இம்முறை அதன் அடிச்சுவடும் பதிவாயிற்று.

மருந்து பணிசெயல் முறைமையிலேயே இருந்தது. பூட்டை வைத்திருக்கும் தாழ்ந்த பணி, காத்திருக்கும் உயர்ந்த பணியின் முன்னுரிமையை அவ்வளவில் ஏற்று இயங்குதலே அது. இடாப்பை வைத்திருக்கும் வரை சிறுவனுக்கு அதிபரின் அதிகாரம்! அவ்வசதி அப்பூட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. அதனை இயக்க ஒரு சிறு மாற்றமே போதும். ஆயினும் அது பிற பூட்டுகளையும் தொடுமாகையால், வேகம் குன்றுமோ, வேறு தீங்கு நேருமோ என ஆராய்ந்த பின்னரே செவ்வாய்க்கு அனுப்பினர்.

இத்தீர்வைக் கணித முறையில் ஆராய்ந்து 1990இல் கட்டுரை வெளியிட்டோர் மூவர்: லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜோன் லெஹோட்ஸ்கி. இவருள் ராஜ்குமார் கோயம்புத்தூரில் பொறியியல் கற்றவர். 1997 டிசெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய மாநாட்டில், பணிசெயல் முறைமையை ஆக்கிய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் வில்னர் இவ்வரலாற்றை எடுத்துரைத்தார். மூவரும் அவையிலேயே இருந்தனர். உரை முடிந்ததும் அவர்களை எழுந்து நிற்குமாறு கேட்டு, அவையோர் கைதட்டிப் பாராட்டினர்.