கழுத்தில் சின்ன கட்டியா? பதறவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்!

வேறு ஏதோ காரணத்துக்காக கழுத்தில் ஸ்கேன் எடுக்கிறீங்க. அல்லது 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் அதுவும் சேர்ந்து வருகிறது. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்: 'தைராய்டில் 7 மி.மீ. கட்டி'. கூகுளில் தேடினால் 'புற்றுநோய்' என்ற சொல்தான் முதலில் கண்ணில் படுகிறது. ராத்திரியே நகையை அடகு வைக்கலாமா என்று வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். கொஞ்சம் பொறுங்க. படிப்படியாகப் பார்ப்போம்.

கட்டி எல்லாம் புற்றுநோய் இல்லை

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் சுரப்பிதான் தைராய்டு. அதில் கட்டி வருவது ரொம்ப சாதாரணம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தாலும் கட்டி இருக்கலாம். டி.எஸ்.எச். ஏறியிருந்தால் புற்றுநோய் என்றும் அர்த்தமில்லை.

புற்றுநோயாகவே இருந்தாலும், அதிகம் காணப்படும் 'பாப்பில்லரி' வகை பெரும்பாலும் மெதுவாகத்தான் வளரும். அது 1 செ.மீ. அல்லது அதற்கும் சிறியதாக இருந்து, வேறெங்கும் பரவாமல் இருந்தால் 'குறைந்த அபாயம்' உள்ளது என்பார்கள்.

இரண்டு நாடுகள், இரண்டு பாடங்கள்

தென்கொரியாவில் 1999-இல் தேசிய புற்றுநோய் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் பல மருத்துவமனைகள் சிறு கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்து எடுத்தன. 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993-ஐப் போல 15 மடங்கு ஆனது. இறப்பு வீதமோ மாறவே இல்லை. அதாவது, உயிருக்கு ஆபத்தில்லாத சின்னக் கட்டிகளைத்தான் தேடித் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஜப்பானில் கோபே நகரின் குமா மருத்துவமனை 1993-இலேயே வேறு வழியில் போனது. சின்ன, குறைந்த அபாயப் புற்றுநோய்களை உடனே ஆபரேஷன் செய்யாமல் ஸ்கேன் மூலம் கண்காணித்தது. அப்படிக் கண்காணிக்கப்பட்ட 1,235 பேரில், 10 ஆண்டுகளில் கட்டி 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் வளர்ந்தது சுமார் 8 சதவீதம் பேருக்குத்தான். கழுத்து நிணநீர் முடிச்சுக்குப் பரவியது சுமார் 3.8 சதவீதம் பேருக்கு. தைராய்டு புற்றுநோயால் அவர்களில் யாரும் இறக்கவில்லை.

எப்படி உறுதி செய்கிறார்கள்?

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கட்டியின் அளவையும் பக்கத்து நிணநீர் முடிச்சுகளையும் பார்ப்பார்கள்; கட்டியின் வடிவம், ஓரம் போன்றவற்றை வைத்து 'டிராட்ஸ்' என்ற எண் தருவார்கள். 1 முதல் 5 வரை. எண் கூடினால் சந்தேகம் கூடுகிறது.

அடுத்து எஃப்.என்.ஏ.சி. எனும் ஊசிப் பரிசோதனை. 1 செ.மீ.க்கும் குறைவான கட்டிக்குப் பொதுவாக இது தேவைப்படாது. முடிச்சு வீக்கம் போன்ற காரணம் இருந்தால்தான் செய்வார்கள். ரிப்போர்ட்டில் 'பெதஸ்டா' எண் 1 முதல் 6 வரை இருக்கும். 2 என்றால் சாதாரணக் கட்டி. 6 என்றால் புற்றுநோய். 3, 4 என்றால் இன்னும் முடிவாகவில்லை என்றுதான் பொருள், பயந்துடாதீங்க.

உறுதியானால் மூன்று வழிகள்

1. கண்காணிப்பு: முதல் ஓரிரு ஆண்டுகள் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன். கட்டி வளர்ந்தால் அப்போது ஆபரேஷன்.

2. பாதி சுரப்பியை எடுப்பது: பலருக்கு ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படாது. சிலருக்குத் தேவைப்படும்.

3. முழு சுரப்பியையும் எடுப்பது: தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை, வாழ்நாள் முழுக்க. குரல் நரம்புக்கும், கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பிகளுக்கும் பாதிப்பு வரும் வாய்ப்பு கொஞ்சம் உண்டு.

கண்காணிப்பு எல்லாருக்கும் பொருந்தாது. கட்டி மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டியிருந்தால், முடிச்சுகளுக்குப் பரவியிருந்தால், 'மெடுல்லரி' போன்ற வேறு வகையாக இருந்தால் ஆபரேஷன்தான் வழி. இன்னொன்று: கண்காணிப்பு என்றால் மறந்துவிடுவது இல்லை. அடுத்த ஸ்கேன் தேதியை இப்பவே போன் காலண்டரில் போட்டு வைங்க.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை

- கட்டி எத்தனை மி.மீ.? டிராட்ஸ், பெதஸ்டா எண்கள் என்ன?
- எனக்குக் கண்காணிப்பு பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?
- ஆபரேஷன் என்றால் பாதியா, முழுசா? ஏன்?

எங்கே போவது?

திண்டிவனத்தில் இருப்பவர்கள் முதலில் அங்குள்ள அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விக்கிரவாண்டியைத் தாண்டியதும் நெடுஞ்சாலையிலேயே வரும். திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர் உள்ளது. பழைய ஸ்கேன், ஊசி ரிப்போர்ட் எல்லாவற்றையும் போனில் ஒரே ஃபோல்டரில் வைத்துக்கொண்டு, அசல் தாள்களையும் கொண்டுபோங்க. பழைய அளவோடு ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்ததா என்று தெரியும்.

செலவை நினைத்து நகையை அடகு வைக்கும் முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்க. ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பங்களுக்கு, ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பீடு உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதியலாம். உங்களுக்குச் சொல்லப்பட்ட சிகிச்சை இதில் அடங்குமா என்று கட்டணமில்லா எண் 1800 425 3993-இல் கேளுங்க.

இவை இருந்தால் தாமதிக்காதீங்க

குரல் மாறி அப்படியே நிற்பது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், கட்டி வேகமாகப் பெருப்பது, கழுத்தின் பக்கவாட்டில் கெட்டியான முடிச்சு. சிறு வயதில் கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களும், குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் அதை டாக்டரிடம் அவசியம் சொல்லணும்.

இந்த அறிகுறி எதுவும் இல்லை, ரிப்போர்ட்டில் இருப்பது சின்னக் கட்டிதான் என்றால், விசாரித்து முடிவெடுக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கோங்க.