அழகிய நாடும் அதன் சொந்தக்காரரும்

பயணம் என்றதும் எம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மூட்டை முடிச்சும் உழவு இயந்திரப் பெட்டியும் இரவோடிரவாக விட்டு வந்த வீடும்தான். விரும்பிப் போன பயணங்களை விட, போகவேண்டி வந்த பயணங்களே எமது குடும்பங்களில் அதிகம். ஆனால் உலகில் கோடிக்கணக்கானோர் ஆண்டுதோறும் ஓய்வுக்காகவும் மகிழ்ச்சிக்காகவும் விரும்பிப் பயணம் செய்கின்றனர். கடல், மலை, காட்டு விலங்கு ஆகிய மூன்றும் எங்கே உண்டோ அங்கே அவர்கள் திரளாக வருகின்றனர்.

இந்தப் பாடத்தில் அத்தகைய ஓர் இடத்துக்கு நாமும் மனத்தால் சென்று வருவோம். அது தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள குவாசூலு-நட்டால் மாகாணம். போகும்போது இரண்டு கேள்விகளை எம்முடன் எடுத்துச் செல்வோம். இந்த அழகான இடத்தில் முன்பு யார் வாழ்ந்தார்கள்? விடுமுறைக்கு வருவோர் கொண்டுவரும் பணம் இப்போது யாரிடம் போய்ச் சேருகிறது?

1. கடற்கரை

பயணம் டேர்பன் நகரில் தொடங்குகிறது. இந்து சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டம் இக்கரையோரமாகச் செல்வதால் குளிர்காலத்திலும் கடலில் குளிக்கலாம். சுறாக்களிடமிருந்து குளிப்போரைக் காக்க 1952ஆம் ஆண்டு முதல் கடலில் வலைகள் கட்டப்பட்டுள்ளன. எமக்கு மாரி பெய்யும் மார்கழி அங்கே கோடைகாலம். பாடசாலை விடுமுறையும் அப்போதுதான். உள்நாட்டு நகரங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சனங்கள் கடற்கரைக்கு வருவார்கள்.

இந்த மணலில் எல்லோரும் ஒன்றாகக் கால்வைக்கத் தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. 1953இல் இயற்றப்பட்ட சட்டமொன்று பொது இடங்களை நிறத்தின்படி பிரித்தது. வெள்ளையருக்கு ஒரு கரை, இந்தியருக்கு ஒரு கரை, கறுப்பினத்தவருக்கு வேறொரு கரை. டேர்பன் கடற்கரைகள் 1989இல்தான் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அந்தச் சட்டமும் நீக்கப்பட்டது. கடலைப் பார்த்து இளைப்பாறுவதுகூட அங்கே போராடிப் பெற்ற உரிமைதான்.

டேர்பனில் தமிழ்ப் பெயர்களையும் கோவில்களையும் காணலாம். 1860 நவம்பர் 16ஆம் திகதி ‘ட்றூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அங்கே கொண்டுவந்து இறக்கியது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இவ்வாறு கொண்டுவரப்பட்டனர். தமிழரும் தெலுங்கரும் வட இந்தியரும் அவர்களுள் இருந்தனர். பெரும்பாலானோர் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தனர். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் சிறு துண்டுக் காணிகளைக் குத்தகைக்கு எடுத்து மரக்கறி பயிரிட்டு, கூடைகளில் சுமந்து விற்றுச் சீவித்தனர். மெல்ல மெல்லச் சொந்தக் காணியும் வாங்கினர். டேர்பனுக்கு அண்மையிலுள்ள கேட்டோ மனர் அத்தகைய மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த ஊர்.

1950இல் வந்த இனவாரிப் பிரதேசச் சட்டம் எந்த இனம் எங்கே வாழலாம் என்று கோடு கீறியது. கேட்டோ மனரிலிருந்த கறுப்பினத்தவரும் இந்தியரும் பின்வந்த ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டனர். வெளியேற்றப்பட்ட பின் அந்த நிலத்தின் பெரும்பகுதி நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தது. பாணைக் குடைந்து அதற்குள் கறியை நிறைத்து விற்கும் டேர்பன் உணவை இன்று பயணிகள் விரும்பி உண்கின்றனர். அந்தக் கறியைச் சமைக்கப் பழக்கியவர்கள் இந்தக் கூலிகளின் பரம்பரையினரே.

2. ஏரியும் விலங்குகளும்

டேர்பனிலிருந்து கரையோரமாக வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாகனத்தில் சென்றால் சென் லூசியா ஏரி வரும். ஏரி, சதுப்புநிலம், உயர்ந்த மணற்குன்றுகள், கடல் எல்லாம் சேர்ந்த இப்பெரும் பூங்காவுக்கு ‘இசிமங்கலிசோ’ என்று பெயர். சூலு மொழியில் அதிசயம் என்று பொருள்படும். ஏரியில் நூற்றுக்கணக்கான நீர்யானைகளும் முதலைகளும் உண்டு. நவம்பர் முதல் சனவரி வரை இரவில் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன.

1989இல் இம்மணற்குன்றுகளைத் தோண்டி உலோக மணல் எடுக்கத் திட்டமிடப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1996இல் புதிய அரசாங்கம் அதனை மறுத்து, இயற்கையைக் காத்து உல்லாசப் பயணத்துறையை வளர்க்கும் வழியைத் தெரிவு செய்தது. 1999இல் இவ்விடம் உலக மரபுரிமைத் தலமாகியது.

ஏரியோரச் சதுப்பில் ‘இன்சேமா’ என்னும் ஒருவகைக் கோரை வளர்கிறது. ஆண்டுக்கொருமுறை, மே மாதத்தில், சுற்றுக் கிராமப் பெண்கள் அரிவாளுடன் உள்ளே சென்று அதனை அறுக்க அனுமதியுண்டு. அதில் பாய் இழைக்கின்றனர். சூலுக் கலியாணங்களுக்கு அப்பாய்கள் வேண்டும். எமது பெண்கள் பன் வெட்டிக் காயவைத்துப் பாய் இழைப்பது போன்றதே இது. பூங்காவுக்கு வேலி போட்டாலும் இந்தப் பழைய உரிமை காக்கப்பட்டிருக்கிறது.

ஏரிக்கு மேற்கே உள்நாட்டில் ஷ்லுஷ்லுவே–இம்பொலோசிப் பூங்கா இருக்கிறது. 1895இல் ஒதுக்கப்பட்ட இது ஆபிரிக்காவின் மிகப் பழைய வனவிலங்குக் காப்பிடங்களுள் ஒன்று. வேட்டையினால் வெள்ளைக் காண்டாமிருகம் அழிந்துபோகும் நிலையிலிருந்தபோது அதன் கடைசிக் கூட்டம் இங்கேதான் எஞ்சியது. 1960களில் இங்கிருந்து பெருந்தொகையான காண்டாமிருகங்கள் பிடிக்கப்பட்டு வேறு பூங்காக்களுக்கு அனுப்பப்பட்டன. இன்று உலகிலுள்ள தென்னக வெள்ளைக் காண்டாமிருகங்கள் அந்தச் சிறு கூட்டத்தின் வழிவந்தவையே. கொம்புக்காக அவற்றைக் கொல்வோரின் தொல்லை இன்னும் ஓயவில்லை.

3. மலைகள்

மாகாணத்தின் மேற்கெல்லையில் டிராக்கன்ஸ்பேர்க் மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கிறது. சூலு மக்கள் அதனை ‘உக்காஹ்லம்பா’ என்பர். ஈட்டிகளை நிரையாக நட்ட அரண் என்பது கருத்து. 3,000 மீற்றருக்கும் உயர்ந்த சிகரங்களில் யூன், யூலை மாதங்களில் வெண்பனி விழும். துகேலா நீர்வீழ்ச்சி பல படிகளாக 900 மீற்றருக்கு மேல் விழுகிறது.

இம்மலைக் குகைகளில் சான் எனப்படும் ஆதிவேடர்கள் தீட்டிய ஓவியங்கள் உள்ளன. சுமார் 600 இடங்களில் ஏறக்குறைய 35,000 உருவங்கள் காணப்பட்டுள்ளன. மான்களும் மனிதரும் சிவப்பிலும் வெள்ளையிலும் இன்றும் தெரிகின்றனர். ஆனால் தீட்டியவர்கள் தமது சமூகமாக அங்கே இல்லை. மற்றவர்கள் நிலத்தைப் பிடித்துக்கொள்ள, கொல்லப்பட்டோ துரத்தப்பட்டோ பிற இனங்களுடன் கலந்தோ அவர்கள் மறைந்தனர். பயணிகள் கட்டணம் செலுத்தி ஓவியங்களைப் பார்க்கின்றனர். பங்கு கேட்க அந்த வீட்டுக்காரர் இல்லை.

4. பணம் எங்கே போகிறது?

ஒரு குடும்பம் வெளிநாட்டிலிருந்து ஒரு வாரத்துக்கு இங்கே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய செலவு விமானச் சீட்டு. அது விமானக் கொம்பனிக்கு. அடுத்தது விடுதி, விடுதியின் சொந்தக்காரர் தூர நகரத்திலோ வேறு நாட்டிலோ இருந்தால் இலாபம் அங்கே போய்விடும். விடுதிச் சமையலுக்கான இறைச்சியும் பாலும் பழமும் பெரிய சந்தையிலிருந்து லொறியில் வந்தால், பக்கத்துக் கமக்காரனுக்கு ஒரு சதமும் இல்லை. கடைசியில் கிராமத்துக்கு எஞ்சுவது கூட்டித் துடைப்பவரின் சம்பளம், வழிகாட்டியின் நாட்கூலி, பாய் விற்ற காசு.

சம்பளம் வேண்டாம் என்பதல்ல. வேலையில்லாத வீட்டில் ஒரு சம்பளம் பெரிய காரியம். ஆனால் சம்பளம் பெறுவது ஒன்று, பங்கு பெறுவது வேறொன்று. இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள இரண்டு ஊர்களின் கதையைப் பார்ப்போம்.

5. இரண்டு ஊர்களின் கதை

தென்னாபிரிக்காவில் 1913ஆம் ஆண்டின் காணிச் சட்டம் கறுப்பினத்தவர் பெரும்பாலான இடங்களில் காணி வாங்குவதைத் தடுத்தது. நிறவெறி ஆட்சி முடிந்த 1994இல் புதிய பாராளுமன்றம் காணி மீளளிப்புச் சட்டத்தை இயற்றியது. 1913 யூன் 19க்குப் பின் இனச் சட்டங்களால் காணி இழந்தவர்கள் 1998 முடிவதற்குள் கோரிக்கை வைக்கலாம் என்றது. உறுதி இல்லாதவர்களுக்கும் வழி விடப்பட்டது. முதியோரின் வாய்ச்சாட்சியம், மூதாதையரின் கல்லறைகள், பழைய வீட்டு அத்திவாரங்கள் என்பனவும் சான்றாகக் கொள்ளப்பட்டன.

முதலாவது ஊர் பங்காசி. நாம் பார்த்த சென் லூசியா ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருந்தது. 1950களிலிருந்து அம்மக்கள் வெளியேற்றப்பட்டனர். அங்கே மரத்தோட்டங்கள் உண்டாக்கப்பட்டன. 1999இல் அவர்களது கோரிக்கை தீர்க்கப்பட்டது. காணி திரும்பவில்லை. குடும்பங்களுக்கு நட்டஈட்டுப் பணமும், மூதாதையர் நினைவுக்கென ஒரு சிறு நிலமும், பூங்கா வருமானத்தில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன. இதே பூங்காவில் பின்னர் கோரிக்கை தீர்க்கப்பட்ட பிற சமூகங்கள் சில, காப்பிடமாகவே வைத்திருக்கும் நிபந்தனையுடன் காணி உரிமையையே பெற்றன.

இரண்டாவது ஊருக்கு இம்மாகாணத்தை விட்டு நாட்டின் வடகோடிக்குச் செல்லவேண்டும். அங்கே லிம்போப்போ, லுவுவு என்னும் இரண்டு ஆறுகளுக்கு நடுவே மக்குலேக்கே மக்கள் பயிர் செய்தும் மீன்பிடித்தும் வாழ்ந்தனர். 1969இல் குறூகர் தேசியப் பூங்காவைப் பெருப்பிப்பதற்காக ஏறத்தாழ 3,000 பேர் வெளியேற்றப்பட்டனர். துவக்கு முனையில் தமது குடிசைகளுக்குத் தாமே தீ வைக்கும்படி பணிக்கப்பட்டனர். புதிய இடத்தில் ஆறும் இல்லை, நல்ல மண்ணும் இல்லை.

1998இல் ஏறத்தாழ 24,000 ஹெக்டேயர் நிலத்தின் உரிமை அவர்களுக்குத் திரும்பியது. தனித்தனியாகப் பிரிக்காமல், எல்லோரும் அங்கத்தவராயுள்ள பொதுச் சொத்துச் சங்கத்தின் பெயரில் உறுதி எழுதப்பட்டது. ஆனால் ஒரு விலை கொடுத்தனர். அந்நிலத்தில் குடியிருப்பதில்லை, பயிரிடுவதில்லை, அது காப்பிடமாகவே இருக்கும் என்று உடன்பட்டனர். அங்கே பிறந்த முதியவர்களுக்கு அது எளிதான முடிவாக இருந்திருக்காது. அதற்குப் பதிலாக, அங்கே விடுதி கட்ட விரும்பும் கொம்பனி சங்கத்துடன் ஒப்பந்தம் செய்யவேண்டும், வாடகை கொடுக்கவேண்டும், ஊரவருக்கு வேலையும் பயிற்சியும் கொடுக்கவேண்டும் என்றாயிற்று. வருமானத்தைக் கொண்டு பாடசாலைகளைத் திருத்தினர், மின்சாரத்துக்கும் செலவிட்டனர்.

2013 சனவரியில் ஆற்று வெள்ளம் ஒரு விடுதியை அழித்தது. 2020இல் கொரோனா நோய் வந்து, உலகம் முழுவதும் பயணிகள் வருகை நின்றது. உல்லாசப் பயணத்துறை எவ்வளவு தளம்பக்கூடியது என்பதற்கு இவை சாட்சி. ஆயினும் விடுதிதான் போயிற்று, காணி போகவில்லை. கூலிக்கு மட்டும் நின்றிருந்தால் அவர்களிடம் ஒன்றும் எஞ்சியிராது.

6. நாம் கற்பவை

விடுமுறை தவறான காரியமல்ல. உழைத்தவனுக்கு ஓய்வு வேண்டும். பிள்ளைகளுக்குக் கடலும் மலையும் காட்டப்படவேண்டும். எமது குடும்பங்களும் ஒருநாள் அஞ்சாமல் ஒரு கரைக்குச் சென்று மாலைவரை இருந்து திரும்பவேண்டும். அப்படிப் போகும்போது நாம் யாருடைய முற்றத்தில் நிற்கிறோம் என்று கேட்டறிவோம். ஊரவர் கடையில் வாங்குவோம், ஊரவர் இழைத்த பாயைப் பேரம் பேசிக் குறைக்காமல் எடுப்போம்.

வருவோரை வரவேற்கும் பக்கத்தில் நின்று பார்த்தால் மூன்று பாடங்கள் உண்டு. முதலாவது, அழகான காணிக்கு விலை கேட்டு வருவோர் விரைவில் வருவார்கள். கையில் விழும் பணம் முடிந்துவிடும், உறுதி நிற்கும். இரண்டாவது, தனியாளாகப் பேசுபவனுக்குக் கூலிதான் கிடைக்கும். சங்கமாகப் பேசுவோருக்குப் பங்கு கிடைக்கலாம். ஆனால் சங்கத்தின் கணக்கு எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கப்படவேண்டும். மூன்றாவது, பயணிகளை மட்டும் நம்பியிருத்தலாகாது; வயலும் தோட்டமும் மாடும் கைவிடப்படக்கூடாது.

கலந்துரையாடலுக்கு

1. பங்காசி மக்கள் நட்டஈடு பெற்றனர். மக்குலேக்கே மக்கள் உறுதியைப் பெற்று, அங்கே குடியிருப்பதை விட்டுக்கொடுத்தனர். உங்கள் ஊரவர் எதைத் தெரிவு செய்வார்கள்? ஏன்?

2. உங்கள் காணி உறுதி, அனுமதிப்பத்திரம், வரிப் பற்றுச்சீட்டு என்பன யாரிடம் இருக்கின்றன? தொலைந்திருந்தால், காணியின் எல்லைகளையும் கிணறு, மரம், கோவில், சவக்காலை என்பனவற்றையும் அறிந்த முதியவர் யார்? அவர் சொல்வதை இந்த மாதமே ஒரு கொப்பியில் எழுதி, திகதியிட்டு வையுங்கள்.

3. உங்கள் ஊருக்கு நாளை பயணிகள் வந்தால் அவர்களுக்கு எதைக் காட்டுவீர்கள்? எதைக் காட்டமாட்டீர்கள்?