தூரமும் காலமும்

அய்யலூரில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தைக்கு வரும் முதியோரை நோக்கி, "ஐயா, தங்கள் ஊர் எவ்வளவு தூரம்?" என வினவினால், அவர் கல் கணக்குக் கூறார். "கோழி கூவப் புறப்பட்டால் வெயில் ஏறுமுன் வந்து சேரலாம்" என்றே விடையளிப்பர். பூகோளம் கற்ற நாம் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. அந்நகைப்புத் தகுமா என்பதை, நம் நாட்டின் வடகோடியிலுள்ள ஸ்ரீநகர், லே என்னும் இரண்டு விமான நிலையங்களைக் கொண்டு ஆராய்வாம்.

முதலாவது தூரம். இவ்விரு நிலையங்களும் ஏறக்குறைய 34-ஆம் அட்சரேகையை ஒட்டியுள்ளன. தீர்க்கரேகையில் இவற்றின் வேற்றுமை 2.77 பாகை. பூமத்திய ரேகையில் ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் ஆகும். வடக்கே செல்லச் செல்லத் தீர்க்கரேகைகள் நெருங்குதலால், 34-ஆம் அட்சரேகையில் அது 92 கிலோமீட்டராகக் குறையும். 2.77-ஐ 92-ஆல் பெருக்க, வான்வழித் தூரம் ஏறத்தாழ 255 கிலோமீட்டர் என்பது பெறப்படும். சோஜிலா கணவாயின் வழியே வளைந்து செல்லும் சாலையோ ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளமுடையது.

இரண்டாவது காலம். மணிக்கு 800 கிலோமீட்டர் செல்லும் விமானம் இத்தூரத்தைச் சுமார் 20 நிமிடத்திற் கடத்தல் வேண்டும். ஆயினும் முக்கால் மணியளவு ஆகின்றது. என்னை? ஓடுபாதையில் ஊர்தற்கும், மலைகளுக்கு மேல் ஏறுதற்கும், சிந்துநதிப் பள்ளத்தாக்கில் வேகந் தணிந்து இறங்குதற்கும் காலம் வேண்டுமன்றோ? மேலும், லே நிலையம் 3,256 மீட்டர் உயரத்திலுள்ளது. ஆங்குக் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்திலுள்ளதில் மூன்றில் இரண்டு பங்கே. வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் இலேசாகி, விமானத்தைத் தாங்கும் வலிமை குன்றும். பிற்பகலிலோ பலத்த காற்று வீசும். ஆதலால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து மீளும். காலை விமானத்தைத் தவறவிட்டவர்க்கு முக்கால் மணி வழி ஒரு நாள் வழியாகிவிடும்.

இக்கணக்கு ஓர் ஊரின் உயிரையே காத்ததும் உண்டு. 1948-ஆம் ஆண்டுப் போரில் சோஜிலா பகைவர் வசமாயிற்று. லே நகரைக் காத்தவரோ மிகச் சிலர். தரைவழி உதவி அரிதாயிற்று. சோனம் நோர்பு என்னும் லடாக்கியப் பொறியியலறிஞர் அவ்வூராரைக் கொண்டு ஓர் இறங்குதளம் அமைத்திருந்தார். மே 24-ஆம் நாள் மெஹர் சிங் என்னும் விமானப்படை அதிகாரி, தளபதி திம்மய்யாவுடன் டகோடா விமானத்தில் அங்கு இறங்கினார். பின்னர்ப் படைவீரர் வான்வழியே வந்து சேர, நகர் பிழைத்தது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. இடைப்பட்ட காலமே சுருங்கியது.

எனினும், விமானத்தில் விரைந்து லே சேர்ந்தவரை மருத்துவர் ஓரிரு நாள் ஓய்ந்திருக்கப் பணிக்கின்றனர். மெல்லிய காற்றுக்கு உடல் பழகாவிடின் தலைவலியும் மூச்சுத்திணறலும், சிலர்க்கு உயிர்க்கேடும் நேரும். விமானம் சேர்ந்த பின்னரும் உடல் சேரவில்லை போலும்!

ஆகவே, கிலோமீட்டர் நிலத்தின் அளவு. காலமே பயணத்தின் அளவு. காற்றும் வெயிலும் உயரமும் உடலும் சேர்ந்தே அதனை வரையறுக்கின்றன. வெயில் ஏறுமுன் சேரவேண்டும் என்ற சந்தைப் பெரியவரின் கணக்கும், லே செல்லும் விமானியின் கணக்கும் ஒன்றே. இனி அப்பெரியவரை நாம் நகையாதிருப்போமாக.